ஆட்டத்துக்கு எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேபிள்டாப் ஆர்பிஜி நடத்தும் நண்பர்கள் என்னிடம் விதிகளைப் பற்றிக் கேட்பது குறைவு. "எழுத உட்கார்ந்தேன், ஒன்றுமே வரவில்லை" என்பதுதான் திரும்பத் திரும்ப வரும் புலம்பல். எட்டு வருடமாக ஜிஎம் (கேம் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துபவர்) இருக்கையில் உட்காருகிறேன். அதில் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஒரு பக்கம்கூட எழுத முடியாமல் கழிந்தது. அந்த வருடத்தில் கற்றதும் அதற்குப் பிறகு மேசையில் பார்த்ததும்தான் இந்தப் பதில்கள்.

டேபிள்டாப் ஆர்பிஜி என்றால் என்ன? அதற்கு எழுதுவது என்றால் எதை எழுதுவது?

நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிப் பேசியே ஆடும் ஆட்டம். ஆளுக்கு ஒரு கேரக்டர். ஒருவர் மட்டும் ஜிஎம். உலகத்தையும் அதிலுள்ள மற்ற எல்லோரையும் அவர் பேசிக்காட்டுவார். என்ன நடக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத இடத்தில் பகடை உருளும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974-ல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலிருந்து இந்தப் பொழுதுபோக்கு பரவியது. ஜிஎம் வீட்டில் தயாரித்துக்கொண்டு போகும் சாகசம், ஊர், என்பிசிகள் (ஜிஎம் பேசிக்காட்டும் பாத்திரங்கள்), வரைபடம், பகடை அட்டவணை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் இங்கே எழுத்து என்கிறேன்.

வெள்ளைத் தாளை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு யோசனையே தீர்ந்துபோய்விட்டதா?

யோசனை தீர்ந்துபோன ஜிஎம்-ஐ நான் இதுவரை பார்த்ததில்லை. டீக்கடையில் கேட்டால் மடமடவென்று பத்து யோசனை சொல்வார். அதே ஆள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்ததும் வாயடைத்துப்போகிறார். பெரும்பாலும் காரணம் இதுதான்: தொடக்கம் முதல் முடிவு வரை கதை முழுவதையும் தானே எழுதிவிட வேண்டும் என்று நாவலாசிரியரைப் போல உட்கார்கிறார். ஆனால் அந்தக் கதையின் முக்கியப் பாத்திரங்கள் அவர் கையில் இல்லை. வேறு நாலு பேர் கையில் இருக்கிறார்கள். "இங்கே வீரன் மன்னரிடம் மண்டியிடுகிறான்" என்று எழுதப் போனால் மனம் உடனே கேட்கிறது, மண்டியிடாவிட்டால்? அதற்குப் பதில் எழுத ஜிஎம்-ஆல் முடியாது. கை நிற்கிறது.

என் முதல் கேம்பெயினுக்கு (பல வாரம் தொடரும் ஒரே ஆட்டம்) ஓர் அரச வம்சத்தின் மூன்று தலைமுறைப் பகையை 14 பக்கம் எழுதினேன். எல்லாமே அரண்மனை விருந்தில் வெடிப்பதாகத் திட்டம். முதல் செஷனில், அதாவது முதல் நாள் ஆட்டத்தில், ப்ளேயர்கள் ஆற்றைக் கடக்க ஒரு படகுக்காரரிடம் பேச்சுக் கொடுத்தார்கள். அவரை நான் அந்த நிமிடத்தில்தான் உருவாக்கினேன். வாய்தவறி அவருக்குக் காணாமல் போன ஒரு தம்பி இருப்பதாகச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், தம்பியைத் தேடிக் கிளம்பிவிட்டார்கள். கடைசிவரை அரண்மனைப் பக்கம் யாரும் வரவில்லை. அன்று எல்லோரும் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனார்கள். எனக்கு மட்டும் அடுத்த வாரம் எழுத உட்கார்ந்தபோது எதை எழுதினாலும் வீண் என்று தோன்றியது. அங்கேதான் அந்த ஒரு வருடம் தொடங்கியது.

கதையை எழுதக் கூடாது என்றால் வேறு எதைத்தான் எழுதுவது?

நிலைமையை எழுதுங்கள். ஓர் இடம், அங்கே உடனடியாக ஒரு நெருக்கடி, அதில் ஆளுக்கொன்று வேண்டும் என்று நிற்கும் மூன்று பேர். ப்ளேயர்கள் அந்தப் பக்கமே வராவிட்டால் இன்று என்ன ஆகும், நாளை என்ன ஆகும் என்று இரண்டு வரி. முடிவை எழுதவே வேண்டாம்.

நான் மேசையில் நடத்திய ஒன்றையே சொல்கிறேன். கல்மடை என்று ஓர் ஊர், கற்பனைதான். மூன்று நாளாக மழை. ஏரி நிரம்பித் தளும்புகிறது. நம் பழைய ஏரிகளில் குமிழித் தூம்பு என்று ஓர் அமைப்பு உண்டு: ஏரியின் உட்புறம் இரண்டு கல்தூண்கள், அடியில் துளைக்கல், அதை மூடிய கல். தண்ணீர் திறக்க ஆள் முங்கிப் போய் மூடியைத் தூக்க வேண்டும். தண்ணீர் கரைக்கு அடியிலிருக்கும் சுரங்கம் வழியாக வாய்க்காலுக்குப் போகும். இதைப் பற்றி முதலில் படித்த அன்றே எனக்குத் தூக்கம் போய்விட்டது. தண்ணீருக்கடியில் வாசல், கரைக்கடியில் சுரங்கம். சாகசக்காரர்கள் நுழைந்து ஆராய இதைவிட நல்ல டன்ஜன், அதாவது பாதாள இடம், எங்கே கிடைக்கும்?

நேற்று இரவு தூம்பு திறக்க முங்கிய சடையன் மேலே வரவில்லை. அவன் மகள் மாரி அடுத்து தானே முங்கப்போவதாகப் பிடிவாதமாக நிற்கிறாள். உப்பு வணிகர் ஒருவரின் கிடங்கு வாய்க்காலை ஒட்டித் தாழ்வில் இருக்கிறது. மூட்டைகளை ஏற்றி முடிக்கும்வரை தூம்பு திறக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. கீழூர்க்காரர்களுக்கு அறுவடைக்கு நிற்கும் நெல்; மொத்தத் தண்ணீரும் ஒரே நேரத்தில் வந்தால் போச்சு. யாரும் தலையிடாவிட்டால் இன்றிரவு மாரி முங்குவாள், நாளை மாலை கரை சரியும்.

இவ்வளவுதான் எழுதியிருந்தேன். முக்கால் பக்கம். மூன்று செஷன் ஓடியது. ப்ளேயர்கள் தூம்புக்குள் போகாமல் கரையை வேறோர் இடத்தில் வெட்டிவிட்டால் என்ன என்று யோசித்தார்கள். அதை நான் நினைத்தே பார்க்கவில்லை. ஆனாலும் பதில் சொல்ல முடிந்தது. யாருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருந்ததால், கரையை வெட்டினால் யார் ஓடிவந்து தடுப்பார், யார் மண்வெட்டியோடு கூட நிற்பார் என்பது தானாகவே வந்தது.

முதலில் உலகத்தை முழுதாக உருவாக்கிவிட்டு அப்புறம் சாகசம் எழுதுவதுதானே முறை?

உலகம் கட்டுவது இனிப்பான வேலை. அதில் குற்றம் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை வைத்துக்கொண்டு கண்டங்களின் வரைபடம் வரைந்துகொண்டிருந்தால், அது எழுதாமல் இருப்பதற்கான இன்னொரு வழியாக ஆகிவிடும்.

கைகாக்ஸின் கிரேஹாக் உலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1972 வாக்கில் அது ஒரு பாழடைந்த கோட்டையும் அதற்கு அடியில் இருந்த பாதாள அறைகளும்தான். ஆடியவர்கள் கொண்டுவந்த புதையலைச் செலவழிக்க ஓர் இடம் வேண்டுமே, பக்கத்தில் ஊர் வந்தது. ஊருக்கு வெளியே போனார்கள், நாடு வந்தது. நாடுகளும் எல்லைகளும் வரைபடமுமாக அது தனி உலகமாக அச்சில் வந்தது 1980-ல். கேட்கக் கேட்க வளர்ந்தது அது. உங்கள் கல்மடைக்கு வடக்கே என்ன இருக்கிறது என்று ஒரு ப்ளேயர் கேட்கும் நாளில் வடக்கை எழுதினால் போதும்.

பகடை உருட்டி வருவதை எழுதுவது சோம்பேறித்தனம் இல்லையா?

இல்லை. இந்தப் பொழுதுபோக்கு பிறந்ததிலிருந்தே இருக்கிற வழி அது. 1977-ல் வந்த டிராவலர் ஆட்டத்தில் ஒரு கிரகத்தின் அளவு, காற்று, மக்கள்தொகை, ஆட்சிமுறை எல்லாமே பகடையில் பிறக்கும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஜிஎம்களுக்காக 1979-ல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கையேட்டின் பின்னிணைப்பில், பகடை உருட்டியே பாதாள அறைகளை வரைய அட்டவணைகள் இருக்கின்றன.

முட்டிக்கொண்டு நிற்கும்போது பகடை செய்யும் உதவி என்னவென்றால், மனத்துக்குக் கொடுத்த வேலையையே மாற்றிவிடுகிறது. "ஒன்றை உருவாக்கு" என்றால் மனம் மிரளும். "இந்த இரண்டும் ஏன் ஒரே இடத்தில் இருக்கின்றன?" என்றால் சுறுசுறுப்பாகிவிடும். ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் ஆறு ஆட்கள், வலப்பக்கம் ஆறு சிக்கல்கள். இரண்டு பகடையில் 36 சேர்க்கை. எனக்கு ஒருமுறை "ஊர்க் கணக்கர்" என்பதும் "யாருக்கும் தெரியாமல் மாடு வளர்க்கிறார்" என்பதும் சேர்ந்து வந்தன. கணக்கர் ஏன் மாட்டை ஒளிக்க வேண்டும்? வரிக்கணக்கில் செத்ததாகக் காட்டிய மாடு அது. இரண்டு நிமிடத்தில் ஒரு செஷன் கிடைத்துவிட்டது.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். ஒரே ஒரு டி20 (இருபது முகப் பகடை) உருட்டினால் எந்த எண்ணுக்கும் நூற்றுக்கு ஐந்து வாய்ப்புதான். இரண்டு ஆறுமுகப் பகடையைக் கூட்டினால் 36-ல் ஆறு தடவை 7 வரும். 2-ம் 12-ம் தலா ஒரு தடவைதான். ஆகவே அட்டவணையில் அந்த ஊரில் சாதாரணமாக நடப்பதை 7-ல் வையுங்கள். ஊரே பேசும் அதிசயத்தை 2-லோ 12-லோ வையுங்கள். வீட்டில் பகடை இல்லையா? ஆறு சோழி போதும். ஒவ்வொன்றும் மேலாகவோ கீழாகவோ விழ சரிபாதி வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், மூன்று சோழி மேல்நோக்கி விழுவது 64-ல் 20. ஆறும் மேல்நோக்கி விழுவது 64-ல் ஒன்று. பாட்டி வீட்டுப் பல்லாங்குழிச் சோழிகளை வைத்து நான் எழுதிய அட்டவணைகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

மற்றதெல்லாம் வருகிறது. துப்பறியும் சாகசம் எழுதும்போது மட்டும் சிக்கிக்கொள்கிறேன்.

சங்கிலி போல எழுதுவதால் வரும் சிக்கல் அது. முதல் துப்பு இரண்டாவதுக்கு, இரண்டாவது மூன்றாவதுக்கு. ஒரு கண்ணியை ப்ளேயர்கள் தவறவிட்டால் எல்லாம் அறுந்துவிடும் என்பது எழுதும்போதே உங்களுக்குத் தெரிகிறது. அந்தப் பயம்தான் கையைப் பிடிக்கிறது. வலைப்பதிவர் ஜஸ்டின் அலெக்சாண்டர் 2008-ல் எழுதிய மூன்று துப்பு விதி இதற்கு நல்ல மருந்து: ப்ளேயர்கள் எந்த முடிவுக்கு வர வேண்டுமோ, அந்த ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்பு வையுங்கள். ஒன்றைப் பார்க்க மாட்டார்கள், இன்னொன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது கைகொடுக்கும்.

கல்மடையில் தூம்பை வேண்டுமென்றே அடைத்தது வணிகரின் ஆட்கள் என்பது முடிவு. சடையனின் இடுப்புக் கயிறு அறுக்கப்பட்டிருக்கிறது, அதன் நுனியில் உப்புப் படிந்திருக்கிறது. கிடங்குக் காவலர் இருவருக்கு மட்டும் அன்றிரவு இரட்டைக் கூலி. கரைமேல் லாந்தர் வெளிச்சம் நகர்ந்ததை ஆடு மேய்க்கும் பையன் பார்த்திருக்கிறான். இந்த மூன்றுக்கும் வரிசை கிடையாது. அதனால் எழுதவும் எளிது. குளித்துக்கொண்டிருக்கும்போது ஒன்று தோன்றினாலும் குறித்து வைக்கலாம், எங்கே பொருத்துவது என்று தவிக்க வேண்டாம்.

நன்றாகத் தொடங்குகிறேன், மூன்றாவது அறையில் நின்றுவிடுகிறது.

அறைகளைச் சுருக்குங்கள். ஐந்து அறை டன்ஜன் என்று ஒரு பழகிய வடிவம் இருக்கிறது: காவலுள்ள வாசல், யோசித்தோ பேசியோ தாண்ட வேண்டிய ஒன்று, ஒரு பின்னடைவு, பெரிய மோதல், கடைசியில் பலனோ புதுத் திருப்பமோ. மூன்றில் நின்றால் நான்கை விட்டுவிட்டு ஐந்தை எழுதுங்கள். என் அனுபவத்தில் கடைசி அறை தெரிந்ததும் நான்காவது தானாக வந்துவிடும். சுரங்கத்தின் மறுமுனையில் சடையன் உயிரோடு இருக்கிறான் என்று நான் தீர்மானித்த பிறகுதான், அதற்கு முன்னால் அவனை அங்கே பிடித்து வைத்திருப்பது எது என்ற கேள்வியே பிறந்தது.

பெரிய டன்ஜன் எழுத ஆசை இருந்தால் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். ஆட்ட வடிவமைப்பாளர் ஷான் மெக்காய் தொடங்கிவைத்த டன்ஜன்23 முயற்சி அப்படித்தான்: 2023 முழுவதும் நாளுக்கு ஓர் அறை, மாதத்துக்கு ஒரு தளம், வருட முடிவில் 12 தளம், 365 அறை. ஒரு நாளைக்கு ஒரே அறை என்றால் அது இரண்டு வரியாகவும் இருக்கலாம். "காலி அறை. சுவரில் ஈரம். யாரோ சமீபத்தில் விளக்கு வைத்திருக்கிறார்கள்." இன்றைய கணக்கு முடிந்தது.

என்பிசிக்குப் பெயர் வைப்பதிலேயே அரை மணி நேரம் போகிறது.

பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து வையுங்கள். தாத்தா, பெரியப்பா, தாய்மாமன் என்று ஒவ்வொன்றிலும் இருபது பெயராவது இருக்கும். முதல் பாதியை ஒன்றிலிருந்தும் இரண்டாம் பாதியை இன்னொன்றிலிருந்தும் எடுத்தால் யாருடைய பெயராகவும் இருக்காது. இருபது பெயர் கொண்ட ஒரு துண்டுச்சீட்டு எப்போதும் கையில் இருக்கட்டும், பயன்படுத்தியதை அடித்துவிடுங்கள்.

தமிழில் எழுத ஆசை. ஆனால் தமிழில் எழுதினால் இன்னும் அதிகமாக முட்டுகிறது. ஏன்?

இந்தக் கேள்வி என் மனதுக்கு நெருக்கமானது. நாம் படித்த சாகசங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். "மங்கலான வெளிச்சத்தில் ஒரு மதுக்கூடம், மூலையில் முக்காடிட்ட அந்நியர்" என்று மனதில் வருவது வேறொரு நாட்டுக் காட்சி. அதைத் தமிழில் சொல்லும்போது நாக்கில் ஒட்டுவதில்லை. வார்த்தை வரவில்லை என்று நினைக்கிறோம். காட்சியே நம்முடையதாக இல்லை என்பதுதான் விஷயம். அந்த மதுக்கூடத்தைச் சத்திரத்துத் திண்ணையாக மாற்றிப் பாருங்கள், மழைக்கு ஒதுங்கிய நாலு பேர் தானாகப் பேச ஆரம்பிப்பார்கள்.

நம் ஊரில் சாகசத்துக்கான விதைகள் கல்லிலேயே வெட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆநிரை கவர வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்தவர்களுக்கு எடுத்த நடுகற்கள் செங்கம் வட்டாரத்தில் நிறைய உண்டு. எடுத்தனூர் நடுகல் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. அதில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே சொல்கிறது. திருடர்களைக் கடித்து நின்ற நாய். அந்த ஒரு கல்லை முன்னால் வைத்துக்கொண்டு யாராவது "எனக்கு எழுத ஒன்றும் இல்லை" என்று சொல்ல முடியுமா? அந்த நாய் இரவில் இன்னும் அந்தக் கல்லைச் சுற்றி வருகிறது என்று ஒரு வரி சேர்த்தேன், என் மேசையில் இருவர் கண்கலங்கினார்கள்.

கூலிக்கு ஆள் தேடும் முதலாளி வேண்டுமா? சோழர் காலத்தில் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு கடல் கடந்து வியாபாரம் செய்தது. அவர்களுக்குச் சொந்தமாகப் படைவீரர்களும் இருந்தார்கள். அவர்களைக் காத்த வீரர்களின் பெயரால் எறிவீரப்பட்டினம் என்றே சில ஊர்கள் அழைக்கப்பட்டன. உங்கள் ப்ளேயர்கள் அப்படி ஓர் ஊரில் வேலைக்குச் சேரட்டும்.

மொழிநடைக்கு ஒரே ஒரு யோசனை. மேசையில் வாய்விட்டுச் சொல்லப்போகும் பகுதியைச் செந்தமிழில் எழுதாதீர்கள். நீங்கள் பேசுவது போலவே எழுதுங்கள், நாலு வரிக்கு மேல் வேண்டாம். ஹிட் பாயின்ட், இனிஷியேட்டிவ் போன்ற விதிச் சொற்களுக்கு உடனே தமிழாக்கம் தேடி நிற்க வேண்டாம். உங்கள் குழுவின் வாயில் எது புழங்குகிறதோ அது இருக்கட்டும். கலைச்சொல் தேடுவது நல்ல வேலைதான், ஆனால் சாகசம் பாதியில் நிற்கும் இரவில் செய்ய வேண்டிய வேலை இல்லை.

சொந்தமாக விதிகள் எழுதும்போது முட்டினால்?

அந்த விதி இல்லாமலே ஒரு செஷன் ஆடிப் பாருங்கள். எங்கே ஆட்டம் தடுமாறியதோ அந்த இடத்துக்கு மட்டும் எழுதுங்கள். பெரும்பாலான விதிகள் தேவையே இல்லை என்று தெரியவரும்.

நண்பர்களுக்காக எழுதும்போது வருகிறது. வெளியிடலாம் என்று நினைத்ததும் நின்றுவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் பேரை நினைத்துக்கொண்டு எழுதுகிறீர்கள். முதலில் உங்கள் மேசைக்கு எழுதி, ஆடி, அப்புறம் அதையே சுத்தம் செய்யுங்கள். ஆடிய பிறகு எதை விளக்க வேண்டும், எதை விடலாம் என்பது தெரிந்திருக்கும். அதைத் திருத்துவது புதிதாக எழுதுவதைவிடப் பல மடங்கு எளிது.

அளவையும் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரே பக்கத்தில் முழு டன்ஜனும் அடங்க வேண்டும் என்ற போட்டி 2009-ல் தொடங்கியது. ஆட்ட வடிவமைப்பாளர் ஜான் ஹார்ப்பர் 2013-ல் ஒரு முழு ஆட்டத்தையே ஒற்றைப் பக்கத்தில் வெளியிட்டார். ஒரு பக்கம் என்பது எழுதுகிறவருக்குப் பெரிய விடுதலை, பயப்பட இடமே இருக்காது.

உரிமம் பற்றிய குழப்பமும் பலரை நிறுத்திவைக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் அடங்கிய எஸ்ஆர்டி 5.1 ஆவணம், 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடப்பட்டது. உரிய முறையில் பெயர்குறிப்பிட்டால் அதிலுள்ளதை உங்கள் படைப்பில் பயன்படுத்தலாம், விற்கவும் செய்யலாம், தமிழிலும் தரலாம். ஆனால் அந்த ஆவணத்துக்கு வெளியே இருக்கும் பாத்திரங்களும் உலகங்களும் அந்த அனுமதிக்குள் வராது.

நாளை மாலை ஆட்டம். இப்போது இரவு பத்து மணி. கையில் ஒன்றுமே இல்லை.

கணினியை மூடிவிட்டு ஒரு தாள் எடுங்கள். போன செஷன் எங்கே நின்றது என்று ஒரு வரி. நாளை முதல் நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு வரி. யாராவது ஓடிவரட்டும், ஏதாவது தீப்பிடிக்கட்டும். மூன்று என்பிசி, ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும் என்பது மட்டும். ஓர் இடம், அதில் தொட்டுப் பார்க்கத் தோன்றும் மூன்று பொருள். அப்புறம் ப்ளேயர்கள் தெரிந்துகொள்ளக்கூடிய ஐந்தாறு ரகசியம், யார் வாயிலிருந்து வரும் என்று தீர்மானிக்காமல். எதிரிகளின் பலத்தைக் காட்டும் எண்களை ஏற்கெனவே இருக்கும் ஏதாவது மாட்யூலிலிருந்து (ஆயத்தமாகக் கிடைக்கும் சாகசம்) அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்; பெயரை மாற்றினால் யாருக்கும் தெரியாது. நாற்பது நிமிட வேலை. பத்தே முக்காலுக்குப் படுத்துவிடலாம், நாளைக்குத் தூங்கி எழுந்த ஜிஎம்தான் அந்த மேசைக்குத் தேவை.

இதெல்லாம் செய்து பார்த்தும் வரவில்லை என்றால்?

அப்போது எழுத்தில் கோளாறு இருக்காது, நீங்கள் களைத்திருப்பீர்கள். அதைக் குழுவிடம் சொல்லிவிடுங்கள். ஒளிக்க ஒளிக்கத்தான் பாரம் ஏறும். நான் கடைசியில் அப்படித்தான் சொன்னேன். எங்கள் குழுவிலேயே அதுவரை ஒருமுறைகூட நடத்தியிராத ஒருத்தி, "ஆறு வாரம் நான் பார்த்துக்கிறேன், நீங்க சும்மா ஒரு கேரக்டர் போடுங்க" என்றாள். ஒரு திருட்டுப் பெண் கேரக்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நாலாவது வாரம், அவள் வரைந்த ஒரு பாழடைந்த சுங்கச்சாவடியில் பூட்டிய கதவு ஒன்று இருந்தது. அன்று நேரம் முடிந்துவிட்டதால் திறக்கவில்லை. பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். இறங்கும்போது டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஐந்து பதில் எழுதியிருந்தேன். அவள் வைத்திருந்தது அந்த ஐந்திலும் இல்லை. அதனால் அந்த ஐந்தும் எனக்கே கிடைத்தன. அவற்றில் இரண்டை இதுவரை நடத்திவிட்டேன்.